புருஷன் கையெழுத்து வைக்கும் இடம்

வீட்டுக் கடன் விண்ணப்பத்தில் எல்லாவற்றையும் நிரப்பியாயிற்று. பாக்கி ஒன்றே ஒன்றுதான், புருஷன் கையெழுத்து வைக்கும் இடம். அந்த வெற்றுக் கோடு தெரியாதபடி புஷ்பம் படிவத்தை மடித்து வைத்தாள்.

கண்டிப் பக்கம் திகனைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில், ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிய லயத்தை விட்டு வெளியே வர, குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி கொடுத்திருந்தார்கள். வீடு கட்ட வங்கி கடன் தரும், அரசாங்கமே பொறுப்பு நிற்கும். ஆனால் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்துதான் கையெழுத்து வைக்க வேண்டுமாம். அவ்வளவு பெரிய அரசாங்கம் தனியாகப் பொறுப்பு நிற்கப் பயந்ததோ என்னவோ. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

தொழிற்சங்கத் தலைவர் ராஜலிங்கம்தான் படிவங்களைச் சேர்த்தார். "என்னம்மா புஷ்பம், கறுப்பையா கொழும்புலருந்து எப்ப வாராப்ல? ஒரு நா லீவு போட்டுட்டு வந்து கையெழுத்த வச்சிட்டுப் போகச் சொல்லு."

"சொல்லியிருக்கேன் தலைவரே."

"புருஷன் விட்டுட்டுப் போன ஆளுகன்னா கிராம சேவகர்ட்ட கடுதாசி வாங்கி, பக்கத்துக் காம்பரா ஆளு சாட்சி வச்சாப் போதும். ஒனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கறுப்பையா கொழும்பில் இல்லை. தொண்ணூற்றொன்றில் வேலை தேடிப் போகிறேன் என்று போனவர் பன்னிரண்டு வருஷமாகத் திரும்பவே இல்லை. பிள்ளைகளும் இல்லை. அவரிடமிருந்து ஒரு சேதியும் வந்ததில்லை என்பது புஷ்பத்துக்கு மட்டும்தான் தெரியும். தீபாவளிக்குத் தீபாவளி கண்டி டவுனில் தானே ஒரு சேலையை எடுத்து, "அவரு குடுத்தனுப்பினது" என்று லயமெல்லாம் காட்டுவாள். பொய் சொல்கிறோம் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை. வரப்போகிற ஆளைப் பற்றித்தானே சொல்கிறோம் என்று இருந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போன நாளில், பஸ் மாறி ஏறிக் கெலிஓயாவில் இறங்க வேண்டியதாயிற்று. அங்கே ஒரு மரக்காலையில் கறுப்பையா பலகை அடுக்கிக்கொண்டு நின்றார். பக்கத்தில் சோற்றுப் பார்சலோடு ஒரு பெண்ணும், அவள் கையைப் பிடித்தபடி ஒரு சின்னப் பிள்ளையும். புஷ்பம் கூப்பிடவில்லை. லயத்துக்குத் திரும்பி வந்து, அவர் சுகமாக இருக்கிறாராம் என்று சொன்னாள். அதிலாவது பொய் இல்லை.

புதன்கிழமை வேலைக்குப் போகாமல் கெலிஓயாவுக்குப் போனாள். இரண்டு பஸ்ஸிலும் பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். ரெண்டு அறை, சமைக்கத் தனிக் குசினி, சொந்தமாகத் தண்ணிப் பைப். கடைசியாக, முடிந்தால், வந்து இருங்க என்றும் சொல்ல வேண்டும்.

அவளைக் கண்டதும் கறுப்பையா அக்கம்பக்கம் பார்த்தார். அவசரமாகப் பலகை அடுக்குக்குப் பின்னால் கூட்டிப் போனார். தலை நரைத்திருந்தது.

"ஒரு கையெழுத்து வேணுங்க" என்று படிவத்தை நீட்டினாள்.

படிவம் முழுக்கச் சிங்களம். அவருக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. அவள் விரல் வைத்த இடத்தில், பலகை மேலேயே வைத்து மளமளவென்று கையெழுத்துப் போட்டார். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இப்பவாச்சும் ஒனக்கு மனசு வந்திச்சே புஷ்பம். நானே வந்து கேக்கணும்னுதான் இருந்தேன், மூஞ்சி இல்ல. கோட்டுக்கு நானும் வரணுமா? வக்கீல் செலவு எவ்வளவுன்னாலும் நான் குடுத்துர்றேன்."

விவாகரத்துப் பத்திரம் என்று நினைத்துவிட்டார். அது புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. இவ்வளவு நிம்மதியை அந்த முகத்தில் கல்யாணத்தன்றுகூட அவள் கண்டதில்லை. ரெண்டு அறையையும் தனிக் குசினியையும் படிவத்தோடு சேர்த்து மடித்துக்கொண்டாள்.

"கோட்டுக்கெல்லாம் வர வேணாங்க" என்றாள்.

"ஒரு டீயாச்சும் குடிச்சிட்டுப் போயேன்."

"பஸ்ஸு போயிரும்."

திரும்பும் பஸ்ஸில் படிவம் மடியில் கிடந்தது. கோடு நிரம்பிவிட்டது. அப்படியே தலைவர் கையில் கொடுத்தால் வீடு வந்துவிடும், லயத்துக்கு ஒன்றும் தெரியாது, இன்னும் பன்னிரண்டு வருஷம் அவர் கொழும்பில் இருக்கலாம். ஆனால் விடுதலை என்று நம்பிக் கையெழுத்துப் போட்ட மனுஷனை அவருக்கே தெரியாமல் கடனில் மாட்டிவிட அவளுக்கு மனம் வரவில்லை. அதைவிட, இனி அந்தப் பொய்யை ஊரே நம்பினாலும் அவளால் நம்ப முடியாது. பல்லேகல தாண்டும்போது படிவத்தை நாலாகக் கிழித்துப் பைக்குள் போட்டாள். அவ்வளவு தனிமையை அவள் அதுவரை அறிந்ததில்லை. இத்தனை நாளும் எங்கேயோ இருக்கிற ஒரு ஆளாவது துணையாக இருந்தார்.

வியாழக்கிழமை காலையில் கிராம சேவகரிடம் போய்ப் புதுப் படிவமும் கடிதமும் வாங்கினாள். அவர் அரைகுறைத் தமிழில் கேட்டதற்கெல்லாம் தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னாள். சாயந்தரம், கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த பக்கத்துக் காம்பரா பேச்சியம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, இதுல ஒரு சாட்சிக் கையெழுத்து வைக்கணும்."

"என்ன பேப்பருடி?"

"அவரு என்னய விட்டுட்டுப் போயிட்டாருன்னு எழுதியிருக்கு. பன்னெண்டு வருசம்."

பேச்சியம்மா பேனாவை வாங்கிக்கொண்டாள். "வீட்ல எத்தன பேருன்னு போட்டிருக்க?"

"ஒண்ணு."

பேச்சியம்மாவின் கண் கலங்கிவிட்டது. "நடுவுல ஒத்தச் செவுருதானடி. நான் இருமுனா ஒனக்குக் கேக்கும், நீ தேங்கா துருவுனா எனக்குக் கேக்கும். ஒரு நாளாச்சும் நீ அழுது நான் கேட்டதில்லையே."

"அழுகலக்கா" என்றாள் புஷ்பம். "அழுதா நெசமாயிரும்ல."

பேச்சியம்மா எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதி முடித்தாள். பிறகு பேனாவை வைத்துவிட்டு அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். புஷ்பம் அழுதது அந்த லயத்தின் பன்னிரண்டு காம்பராவுக்கும் கேட்டது.