வராத நாட்கள்

விடியுமுன்பே சலவைக்கூடத்தில் கொதிகலன் சீறத் தொடங்கிவிடும். மருத்துவமனை விரிப்புகளைப் பெண்கள் மூட்டை பிரித்து உதறுவார்கள். உள்ளே ஊசி இருக்கலாம், காய்ந்த ரத்தம் இருக்கலாம். ஈரத்துணி கல்லாய்க் கனக்கும். சலவைச் சோடாவின் காரத்தில் விரலிடுக்குகள் வெடித்து, சாப்பிட உட்காரும்போது எரியும்.

கொள்ளைநோய் ஊரையே முடக்கியபோதும் அந்தக் கூடத்தை மூடவில்லை. அங்கே வேலை பார்த்த அம்மாவுக்கும் நோய் தொற்றியது. அவள் மூச்சுத் திணறிப் படுத்துவிட, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகள் அந்த இடத்தில் வந்து நின்றாள். ஆள் நிற்காவிட்டால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும் என்று முதலாளி சொல்லியிருந்தார். வகுப்புகள் கைபேசியில் நடந்தன. அவள் கைகளோ நீராவிக்குள் இருந்தன.

அம்மா தேறியதும் மகள் கல்லூரிக்குத் திரும்பினாள். வருகை குறைந்துவிட்டதால் கட்டண உதவி கிடையாது என்று உதவித்தொகை அலுவலகம் கைவிரித்தது. நோயால் தடைபட்டவர்களுக்கு விதியைத் தளர்த்தியிருக்கிறார்களே என்று அவள் கேட்டாள். அது நோயில் விழுந்த மாணவர்களுக்கு மட்டும், நீ விழவில்லையே என்றார் அதிகாரி. வேலைக்குப் போனது உண்மையானால் முதலாளி நேரில் வந்து சொல்லட்டும், மேலே கேட்டுப் பார்க்கலாம் என்றார். இந்த வாரம் தாண்டினால் அவள் பெயரை நீக்கிவிடுவார்கள்.

மறுநாள் காலை தாயும் மகளும் முதலாளியின் முன் நின்றார்கள்.

"நான் வந்து சொல்ல முடியாதும்மா," என்றார் அவர். "படிக்கிற பொண்ண கையுறைகூட இல்லாம ஏன் நிக்க வெச்சேன்னு நாளைக்குக் கேப்பாங்க. நீ பதில் சொல்லுவியா?"

"நிக்க வெச்சது நெசம்தானே?" என்றாள் அம்மா.

"அவ இங்கேயே வேலைக்கு வரட்டும். படிச்சு என்ன கிழிக்கப்போறா?"

மகள் வாய் திறந்தாள். "நான் இங்க வேலையே பாக்கலன்னு சொல்றீங்களா சார்?"

"அப்படி ஒரு ஆளு எங்கிட்ட இல்ல."

திறந்திருந்த கதவு வழியே அது எல்லார் காதிலும் விழுந்தது. மகளோடு வேலை பார்த்த நெட்டை அக்கா தூக்கியிருந்த மூட்டையைக் கீழே போட்டாள்.

"அப்போ என்கூட அத்தனை நாள் மூட்டை தூக்குனது பேயா?"

யாரோ சிரித்தார்கள். கூடத்தின் இஸ்திரிக்காரர் சிரிக்கவில்லை. அவர் முதலாளிக்கு வேண்டியவர். அவர் மகனும் அந்த நாட்களில் கூடத்தின் வண்டியை ஓட்டப்போய்த்தான் படிப்பை விட்டிருந்தான். அவனுக்கு நிரந்தர வேலை தருகிறேன் என்ற வாக்கை நம்பி அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார். இப்போது நடந்துபோய் நீராவிக் குழாயை அடைத்தார். துணி தேய்க்கும் உருளைகள் தயங்கி நின்றன.

"என் பையனும் இல்லாத ஆளுதானா முதலாளி? நீங்க வரவேணாம், நாங்களே போய்ச் சொல்றோம்."

வெளியே போகிறவர்கள் திரும்பி வரவேண்டாம் என்றார் முதலாளி.

"எல்லாரையும் அனுப்பிட்டு ஆஸ்பத்திரித் துணிய யாரு துவைப்பா?" என்று கேட்டுவிட்டு நெட்டை அக்கா முன்னால் நடந்தாள். மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள்.

உதவித்தொகை அலுவலகத்துக்கு ஈர உடையோடு கூட்டமாய் வந்தவர்களைக் கண்டு அதிகாரி எழுந்துவிட்டார். ஒருவர் மட்டும் பேசலாம் என்றார். முதலாளியின் சொல்தான் செல்லும் என்றார்.

"முதலாளி அறையில உக்காந்திருந்தார் சார்," என்றாள் மகள். "கூட நின்னு வேலை செஞ்சது இவங்க. எனக்கு மட்டும் கேக்கல. பிழைப்புக்காக வகுப்ப விட்ட எல்லாருக்கும் விதிய மாத்துங்க."

வரிசையில் நின்ற மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடையில் சரக்கு இறக்கிய ஒருவன் விலகி வந்து அவளருகே நின்றான். தாயைப் பறிகொடுத்துத் தம்பிகளைப் பார்த்துக்கொண்ட ஒருத்தியும் வந்தாள். பின்னாலேயே இன்னும் சிலர் வந்தார்கள்.

அதிகாரி உள்ளே போய்த் தொலைபேசியில் பேசினார். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது. தன்னால் எதுவும் சொல்ல முடியாது, மேலதிகாரி நாளைக்குத்தான் வருவார் என்றார்.

நாளைக்கும் வருவோம் என்றார் இஸ்திரிக்காரர். தம்பிகளை வைத்திருந்தவள் மட்டும் தயங்கினாள். அவர்களை விட்டுவர வீட்டில் ஆளில்லை.

அம்மா வெடித்த விரல்களால் அவள் தோளைத் தொட்டாள்.

"அவங்களையும் கூட்டிட்டு வா கண்ணு. நாங்க இத்தனை பேரு இருக்கோம், பாத்துக்க மாட்டோமா?"