வரிசையில் கடைசி வண்டி

மூணாவது தடவையும் சாந்தாமணியின் மோட்டார்ஹோமுக்குக் கடைசி இடம்தான். ஃபிரிஸ்கோவிலிருந்து பதினோரு மணி நேரம் மாங்கு மாங்கென்று ஓட்டி மேற்கு டெக்ஸஸ் பாலைவனத்துக்கு வந்து சேர்ந்தால், மற்ற ஏழு வண்டிகளும் நெருப்புக் குழியைச் சுற்றி வட்டமாக நிற்கின்றன. இவர்கள் மட்டும் முள்ளுப் புதருக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் காது கேட்காத தூரத்தில். யார் எங்கே நிறுத்த வேண்டும் என்று பேப்பரில் படம் போட்டுக் கொடுப்பவள் நாகலக்ஷ்மி. சமையலும் படுக்கையும் உள்ளேயே இருக்கும் இந்த மாதிரி வண்டிகளில் ஊர் சுற்றும் தமிழர்களின் கிளப்புக்குத் தலைவரான சிவராமகிருஷ்ணனின் மனைவி.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நான்வெஜ் சமைப்பீங்க, காத்துல ஸ்மெல் எல்லா வண்டிக்கும் வரும்" என்று முதல் ட்ரிப்பிலேயே சொல்லியிருந்தாள்.

காற்றா? அது வெள்ளிக்கிழமை முழுக்க இவர்கள் பக்கத்திலிருந்து வட்டத்தைப் பார்த்துத்தான் அடித்தது. வாசனைக்குப் பயந்தவள் எதிர்ப்பக்கம் அல்லவா நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். போதாததற்கு, சாந்தாமணி இந்தத் தடவை ஒரு முட்டைகூடக் கொண்டுவரவில்லை. மூணு நாளும் சாம்பார், தயிர்சாதம். புருஷன் நஞ்சுண்டன் வாயைத் திறக்காமல் சாப்பிட்டான்.

எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்காக. மூணு ட்ரிப் விருந்தாளியாக வந்தவர்களை மெம்பராகச் சேர்த்துக்கொள்ளலாமா என்று அன்றைக்குக் கை தூக்குவார்கள். ஒரு கை தூக்காவிட்டாலும் கதை முடிந்தது. பிள்ளைகள் மகிழனும் தென்றலும் காலேஜுக்குப் போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் இவர்கள் இரண்டே பேர். பதினாலு வருஷமாகப் பக்கத்து வீட்டுக்காரன் முகம் கராஜ் கதவு இறங்குவதற்குள் தெரிந்தால் உண்டு. நாலு பேரோடு உட்கார்ந்து வாய்விட்டுத் தமிழ் பேச வேண்டும் என்று சாந்தாமணிக்கு அத்தனை ஆசை. அவளைவிட நஞ்சுண்டனுக்கு ஆசை. வண்டி வாங்கியதே அதற்குத்தான்.

சனிக்கிழமை மதியம் நாகலக்ஷ்மி புதரைச் சுற்றிக்கொண்டு தானாக வந்தாள். சாந்தாமணிக்கு ஆச்சரியம்.

"ஒரு ஹெல்ப், சாந்தாமணி. எங்க டாங்க் காலி. நாளைக்குக் காபி போடக்கூடத் தண்ணி இல்ல."

காலியாகாமல் என்ன செய்யும். டாங்கில் கொண்டுவந்த தண்ணீர்தான் மூணு நாளைக்கும். அம்மணி வீட்டு நினைப்பில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்து, அரிசியை நாலு தண்ணி கழுவி, இரண்டு வேளை தலைக்குக் குளித்திருக்கிறாள். பல்லடத்தில் வாரம் ஒரு நாள் வரும் தண்ணீருக்குக் குடம் வைத்து வளர்ந்த சாந்தாமணியின் டாங்கில் பாதிக்கு மேல் இருந்தது.

"அதுக்கென்னங்க அக்கா. வேணுங்கற அளவு எடுத்துக்கங்க."

ஏழு கேலன் கேன் மூணை, நடைக்கு ஒன்றாக நஞ்சுண்டன்தான் சுமந்து கொடுத்தான். முள் கிழித்து முழங்காலில் ரத்தம். "நாளைக்குக் கை தூக்கிருவாங்க, பாரு" என்று சிரித்துக்கொண்டே துடைத்தான்.

மறுநாள் காலையில் வட்டத்துக்குள் நாற்காலி போட்டு இவர்களுக்கும் காபி கொடுத்தார்கள். நம்ம தண்ணியில் போட்ட காபி என்று சாந்தாமணிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. குடித்த டம்ளரைக் கழுவி வைக்கலாம் என்று நாகலக்ஷ்மியின் வண்டிக்குள் ஏறினாள்.

சமையல் குழாயின் மேல் ஒரு நீல டேப் ஒட்டியிருந்தது. மார்க்கரில் பெரிய எழுத்து: "பாத்ரூமுக்கு மட்டும். சமைக்க, குடிக்கக் கூடாது." கீழே பாட்டில் தண்ணீர்ப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒன்றில் அஞ்சனா பேர், ஒன்றில் பத்மநாபன் பேர், ஒன்றில் குமாரசாமி பேர். வட்டத்து வண்டிகளில் வாங்கியது காபிக்கு. கடைசி வண்டியில் வாங்கியது கக்கூஸுக்கு. நஞ்சுண்டனின் முழங்கால்தான் கண்ணுக்குள் நின்றது.

வெளியே சிவராமகிருஷ்ணன் பேச ஆரம்பித்திருந்தார். ஜன்னல் வழியே பார்த்தால் எல்லாக் கையும் தூக்கியிருந்தது, நாகலக்ஷ்மியின் கைதான் முதலில்.

"சமயத்துல தண்ணி குடுத்தாங்க. இனிமே இவங்களும் நம்ம ஃபேமிலி. சாந்தாமணி, வாங்க, ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றாள் நாகலக்ஷ்மி. நஞ்சுண்டன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

சாந்தாமணி அந்தக் குழாயைத் திறந்து, டம்ளரைக் கழுவி நிரப்பிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க. அக்கா, இது உங்க சமையல் குழாய்த் தண்ணி. ஒரு மடக்கு குடிங்க. நாங்க சேந்துக்கறோம்."

நாகலக்ஷ்மி டம்ளரை இரண்டு விரலால் விளிம்பில் பிடித்து வாங்கினாள்.

"இப்பத்தானே காபி குடிச்சேன்."

"ஒரு மடக்குத்தானுங்க."

"என்னம்மா இது, சின்ன விஷயத்தை எல்லார் முன்னாடியும்" என்றார் சிவராமகிருஷ்ணன்.

"சின்ன விஷயந்தானுங்க. குடிக்கச் சொல்லுங்க."

நாகலக்ஷ்மி டம்ளரை நெஞ்சு வரைக்கும் கொண்டுபோனாள். பிறகு மடக்கு மேஜையில் வைத்துவிட்டாள். "டாங்க் தண்ணி எனக்கு ஒத்துக்காது."

"நேத்து மத்தியானம் வரைக்கும் ஒத்துக்கிச்சுங்களே."

அஞ்சனா காலடி மண்ணைப் பார்த்தாள். சாந்தாமணி டம்ளரை எடுத்துக் கடைசிச் சொட்டுவரை தானே குடித்து, மேஜையில் கவிழ்த்து வைத்தாள். குடித்த பிறகுதான் புருஷன் ஞாபகம் வந்தது. ஆசை ஆசையாகக் கட்டியதை ஒரு நிமிஷத்தில் உடைத்துவிட்டோமே என்று அவளுக்குப் பட்டது. திரும்பிப் பார்த்தால் அவன் நாற்காலி காலி.

காலிக் கேன் மூணையும் தூக்கிக்கொண்டு நஞ்சுண்டன் புதருக்குள் போய்க்கொண்டிருந்தான். அவள் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டாள்.

"ஏனுங்க, கோவமா?"

அவன் நிற்கவில்லை. பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து அவள் கையில் திணித்தான்.

"நீ ஓட்டு, சாந்தா. நான் ஓட்டுனா நேரா அந்த வட்டத்துக்குள்ளதான் உடுவேன்."