இருந்த இடத்திலேயே இரு

1

இந்தக் கதை பிறந்தது காட்டில் அல்ல, எங்கள் மொட்டை மாடியில். காட்டில் மாட்டிக்கொண்டால் உயிர் பிழைப்பது எப்படி என்று புத்தகங்களைப் படித்து, என் மனைவிக்கு அங்கேதான் வகுப்பெடுத்தேன். அவள் பல் டாக்டர். நாள் முழுக்க வாயைத் திறக்கச் சொல்பவள், என்னிடம் மட்டும் மூடச் சொல்லத் தயங்குவாள். நான் எதற்கும் தயங்கியதில்லை.

முதல் விதி: வழி தவறினால் நகரக் கூடாது. உங்களைக் கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்துதான் தேடத் தொடங்குவார்கள். நீங்கள் நடக்க நடக்கத் தேட வேண்டிய வட்டம் பெருகும். அடுத்தது: கத்தாதீர்கள், விசிலை மும்முறை ஊதுங்கள். தொண்டை கட்டிக்கொள்ளும், விசிலுக்குக் கட்டாது.

(வெறுந்தரை உடல் சூட்டை இழுத்துவிடும். சருகைக் குவித்து அதன்மேல் உட்காருங்கள். இது கதைக்குத் தேவையில்லை. விட மனமில்லை.)

2

போன ஞாயிற்றுக்கிழமை காட்டில் மூடுபனி இறங்கி, நாங்கள் பிரிந்துபோனோம். முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

பனியைக் கிழித்துக்கொண்டு அவன் அவளை நோக்கி ஓடி

மனைவி அதுவரை படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"கதையில மட்டும் எழுந்து வர்றீங்க."

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

3

நடந்தது இதுதான். நான் சருகின்மேல் சௌகரியமாக உட்கார்ந்து ஊதினேன். அவளும் எங்கிருந்தோ ஊதினாள். பாடம் நன்றாக ஏறியிருக்கிறது என்று பூரித்துப்போனேன். அவள் ஊத, நான் ஊத, கச்சேரி களைகட்டியது. இருவரும் நகரவில்லை. பொழுது சாயும்போது வனக்காவலர் வந்தார்.

"நீங்க ஊதுறது மலைக்கு அந்தப் பக்கம் கேக்குது சார். அந்தம்மா இந்தப் பாறைக்குப் பின்னாலதான் உக்காந்திருக்காங்க."

அவள் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாய்ந்து, பல் கிட்டிப்போயிருந்தது.

(சருகு கதைக்குத் தேவைப்பட்டுவிட்டது.)

ஊதக் கற்றுக்கொடுத்தேன். காதில் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது என் பாடத்திலேயே இல்லை.

4

மாற்று முடிவுகள்.

அவன் மன்னிப்புக் கேட்கிறான். (எழுதிப் பார்த்தேன். நடுவில் விசிலுக்குள் காற்று எப்படிச் சுழல்கிறது என்று ஒரு பத்தி புகுந்துவிட்டது.)

அவள் சிரித்துவிடுகிறாள். (இதை அவளைக் கேட்காமல் எழுதும் தைரியம் எனக்கில்லை.)

5

வாசல் ஆணியில் இரண்டு விசில்கள் தொங்கும். இப்போது ஒன்றுதான் தொங்குகிறது. மொட்டை மாடியிலிருந்து சத்தம் வருகிறது. மூன்று முறை.

மறுபடியும் மூன்று.

நான் படியேறிக்கொண்டிருக்கிறேன் என்று அடுத்த வரியில் எழுதினால் நம்பாதீர்கள். படியேறுகிறவனால் எழுத முடியாது. எழுத்து நீளும்வரை நான் நாற்காலியில்தான் இருக்கிறேன் என்று பொருள். இந்த வாக்கியம் பாதியில் நின்றால் மட்டும்