அண்ணன் மேசை மவுஸ்

எங்கள் ஆபீஸில் மவுஸ் சரியில்லை என்று யார் வந்து நின்றாலும் என் பதில் ஒன்றுதான்: "கோளாறு மவுஸ்ல இல்ல, உங்க கைல." ஒன்பது வருஷமாக இதே பதில். பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். பெரும்பாலும் நான் சொன்னதுதான் சரியாகவும் இருக்கும். முப்பத்திரண்டு கம்ப்யூட்டருக்கும் லினக்ஸ் போட்டவன் நான். எதில் கோளாறு என்று எனக்குத் தெரியாதா என்ற திமிர்.

அந்தப் பதிலை நான் சொல்லாத ஒரே ஆள் என் அண்ணன்.

அண்ணனுக்கு அங்கே வரைபட வேலை. பழைய நில வரைபடங்களைப் படமெடுத்துத் திரையில் போட்டுவிடுவார்கள். எல்லைக் கோட்டின் மேலேயே மூலைக்கு மூலை மவுஸால் புள்ளி வைத்துக்கொண்டு போக வேண்டும். புள்ளி தள்ளிப் போனால் ஒருத்தர் நிலம் இன்னொருத்தருக்குப் போய்விடும். அண்ணன் வைத்த புள்ளியை யாரும் பெரிதாக்கிக்கூடச் சரிபார்ப்பதில்லை. அப்படியொரு கை.

மார்ச்சில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"டேய், இதப் பாரு. புள்ளிகிட்டப் போனதும் மவுஸ் அம்பு தாண்டிப் போயிடுது. திருப்பிக் கொண்டாந்தா இந்தப் பக்கம் தாண்டுது."

"மவுஸ் பழசுண்ணே," என்றேன்.

புது மவுஸ் மாட்டினேன். பத்து நாளில் மறுபடி கூப்பிட்டார். அமைப்புகளைத் திறந்து அம்பின் வேகத்தைக் குறைத்தேன். வேகத்துக்கென்று திரையில் ஒரு நகர்த்தும் பட்டை உண்டு. நடுவில் நின்றால் பூஜ்யம், இடது கோடியில் மைனஸ் ஒன்று. மைனஸ் 0.2 வைத்தேன்.

"ம், இப்பப் பரவால்ல," என்றார்.

எந்த வேலை செய்தாலும் நோட்டில் எழுதிவைப்பது என் வழக்கம். தேதி, மேசை, கோளாறு, செய்த வேலை. கடைசிக் கட்டத்தில் 'சரியாகிவிட்டது' என்று போட்டு மூடினால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

மே மாதம் மைனஸ் 0.4. ஜூலையில் இன்னொன்று செய்தேன். கையை வேகமாக இழுத்தால் அம்பு கூடுதலாகப் பாய்கிற வசதி ஒன்று உண்டு, அதையும் நிறுத்தினேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் இந்த வேகமெல்லாம் தானாக வரும்படி ஒரு கட்டளையும் எழுதிவைத்தேன். செப்டம்பரில் மைனஸ் 0.7. அதற்குள் மவுஸை மேசையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இழுத்து, தூக்கி வைத்து, மறுபடி இழுத்தால்தான் அம்பு திரையைக் கடக்கும். அண்ணனுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்கிறேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

வீட்டில் அண்ணி புலம்பிக்கொண்டிருந்தார். "உங்கண்ணனுக்கு வரவர கவனமே இல்ல. டம்ளர எடுக்கப் போறாரு, தட்டி விடுறாரு. சாவி போடச் சொன்னா பூட்டச் சுத்திக் கதவையே கீறி வச்சிருக்காரு."

"வயசாகுதுல்ல அண்ணி, கண்ணாடிய மாத்தச் சொல்லுங்க," என்று சிரித்தேன். அண்ணனும் சிரித்தார். நாற்பத்தாறு ஒரு வயதா?

நவம்பரில் மைனஸ் ஒன்று. இரண்டே நாளில் அண்ணன் என் மேசைக்கே வந்துவிட்டார்.

"இன்னும் கொஞ்சம் கொறச்சுக் குடுடா."

"இதுக்குக் கீழ கிடையாதுண்ணே."

அவர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதாவது என் மரமண்டைக்கு உறைத்திருக்க வேண்டும். வேறு மவுஸ் ஒன்று வாங்கச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

மறுநாள் ஆபீஸ் படிக்கட்டில் கால் தடுமாறி விழுந்தார். அண்ணியும் நானும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் தன் விரலை அண்ணன் முகத்துக்கு எதிரே நீட்டினார்.

"என் விரலத் தொடுங்க. அப்புறம் உங்க மூக்கத் தொடுங்க."

அண்ணனின் விரல் நேராகத்தான் போயிற்று. கிட்டே போனதும் தாண்டிற்று. திரும்பி வந்து இந்தப் பக்கம் தாண்டிற்று. எட்டு மாதமாக நான் திரையில் பார்த்துக்கொண்டிருந்த அதே ஆட்டம்.

ஸ்கேன் எடுத்தார்கள். பின்மண்டைக்குள், கைகால் அசைவைக் கட்டுப்படுத்துகிற இடத்தில் கட்டி. டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் தனியாக உட்காரவைத்துச் சொன்னார்.

"ரொம்பப் பரவியிருக்கு. முழுசா எடுக்க முடியாது. இது எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரியுமா?"

அண்ணி விழித்தார். "மார்ச் பதினாலு," என்றேன் நான். பையிலிருந்த நோட்டை எடுத்து நீட்டினேன். டாக்டர் ஒவ்வொரு தேதியாகக் குறித்துக்கொண்டார்.

"இவ்ளோ துல்லியமா எழுதி வச்சிருக்கீங்க. அப்பவே ஏன் கூட்டிட்டு வரல? சின்னதா இருந்திருக்கும். எடுத்திருக்கலாம்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அண்ணி அந்த நோட்டை விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். அண்ணன் மேசைக்கு மட்டும் ஆறு வரி. ஆறிலும் கடைசிக் கட்டத்தில் என் கையெழுத்தில் 'சரியாகிவிட்டது'. படித்து முடித்து, நோட்டை மூடி என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனார். நாலு அறை விட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

அண்ணன் கட்டிலில் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். நான் தலைகுனிந்து பக்கத்தில் நின்றேன்.

"மே மாசமே எனக்குச் சந்தேகந்தான்டா, கைலதான் கோளாறோன்னு," என்றார். "ஊருக்கெல்லாம் சொல்லுவியே, அத எங்கிட்டயும் சொல்லிடுவியோன்னு பயந்துகிட்டேதான் உன்னக் கூப்பிடுவேன். நீ வந்து மவுஸத் திட்டிக்கிட்டே வேகத்தக் கொறப்பியா, அப்பாடான்னு இருக்கும்."

அழுதேன். அழாதே என்று சொல்லி என் கையைப் பிடிக்கத் தன் கையை நீட்டினார். அது என் கையைத் தாண்டிப் போய்க் கட்டில் கம்பியில் இடித்தது. திருப்பிக் கொண்டுவந்தார். இந்தப் பக்கம் தாண்டிற்று. மூன்றாவது தடவை அவர் நீட்டுவதற்குள் நானே எட்டிப் பிடித்துக்கொண்டேன்.