காடோனா எழுதாத பதில்கள்

பேயோன் நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற ஜோயன், இறந்துபோன தன் தம்பி எடியின் கல்லறைக்குப் பெயர் வெட்டிய கல் வைக்கச் சொல்லி, கல் கடை நடத்துகிற வின்ஸ் காடோனாவிடம் முன்பணம் கொடுத்திருந்தாள். கல்லும் வரவில்லை, பணமும் வரவில்லை. வழக்குப் போட்டு ஜெயித்தாள். பணத்தை நீதிமன்றமே வாங்கிக் கொடுத்துவிடும் என்று நினைத்திருந்தாள். அது உங்கள் பாடு என்று நீதிமன்றக் குமாஸ்தா சொல்லிவிட்டாள்.

எங்கே வேலை, எந்த வங்கியில் கணக்கு என்று கேட்டுக் காடோனாவுக்கு சப்பீனா என்கிற நீதிமன்றக் கேள்விப் படிவம் அனுப்பினாள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டவன் அப்புறம் வாயே திறக்கவில்லை. அவனைப் பதில் சொல்ல வைக்கும்படி மனுப் போட்டாள். விசாரணைக்கும் அவன் வரவில்லை. பதில் எழுதாவிட்டால் கைது என்று நீதிபதி உத்தரவிட்டார். அதையும் அவன் சட்டை செய்யவில்லை. கைது வாரண்டுக்கு மறுபடி மனு, மறுபடி கட்டணம்.

நீதிமன்ற அதிகாரி இரண்டு முறை அவன் வீட்டுக்குப் போனார். ஆள் இல்லை என்றாள் மனைவி. வியாழக்கிழமை சாயங்காலம் போனால் பந்து உருட்டி விளையாடும் கூடத்தில் இருப்பான், போன வாரம்கூட என்னைப் பார்த்துக் கையாட்டினான் என்று ஜோயன் அதிகாரியிடம் புலம்பினாள்.

"சாயங்காலம் புடிச்சா கொண்டுபோய் நிறுத்த கோர்ட்டு தொறந்திருக்காது மேடம். காலைல எங்க இருப்பான்னு சொல்லுங்க."

அன்றிலிருந்து பேருந்து ஓட்டும்போதே அவள் கண் அவனைத் தேடியது. ஒருநாள் காலை டோனட் கடை வாசலில் காப்பியோடு நின்றிருந்தான். மறுநாளும் அங்கேயே. அதிகாரிக்குச் சொன்னாள்.

அவனைப் பிடித்து நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்த அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். படிவத்தை நிரப்ப அவனுக்குக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. உடனே விட்டுவிட்டார்கள். வராந்தாவில் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"இதுக்குப் போயி ஆள் விட்டுப் புடிக்கணுமா ஜோ? ஒரு போன் போட்டிருக்கலாமே."

"எத்தன தடவ போட்டேன்னு உனக்கே தெரியும். எடி பேரில்லாம கெடக்கான், வின்ஸ்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போனான்.

அவன் எழுதிக் கொடுத்தபடி, கல் கடை மனைவி பேரில் இருந்தது. வங்கியில் ஒன்றுமில்லை. மைத்துனனின் தரை ஓடு விற்கும் கடையில் வாரச் சம்பளம் வாங்குகிறான், அவ்வளவுதான். சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால் அதற்குத் தனி மனு என்றாள் குமாஸ்தா. ஜோயன் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அதையும் எழுதிக் கொடுத்தாள்.

அவன் சம்பளத்தில் பிடித்த முதல் காசோலை நாற்பது டாலருக்கு வந்தது. பாதித் தொகை சேர்ந்ததும் பெயர் வெட்டத் தொடங்குவதாக வேறொரு கல் கடைக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்கு அடுத்த குளிர்காலம் ஆகிவிடும்.