வாசலில் ஐந்து நாள் பயணம்

லாரி ஓட்டப் போகிறேன் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன். பதினான்கு வருஷமாகக் குடிநீர் அலுவலகத்தில் புகார் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற மனுஷன். மாதம் பிறந்தால் சம்பளம், வேலை முடிந்தால் பென்ஷன். அதை விட்டுவிட்டுக் கன்டெய்னர் லாரியாம். திங்கட்கிழமை காலையில் கிளம்பினால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வீடாம்.

இதில் கூத்து என்னவென்றால், சனிக்கிழமை தோறும் ஓவர்டைம் என்று ஆறு மாதமாக என்னிடம் புளுகிவிட்டு லாரி பழகியிருக்கிறார். லைசென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தார். போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் கல்யாண போட்டோவில்கூட அந்த மனுஷன் சிரிக்கவில்லை. வருவதா இல்லையா என்று பன்னிரண்டு நாளில் கம்பெனிக்குச் சொல்ல வேண்டுமாம்.

எனக்கு வீட்டில் ஆள் வேண்டும், அவ்வளவுதான். அவர் பெரிதாகப் பேசுகிறவரும் இல்லை. ஆபீஸ் விட்டு வந்தால் சோபா, டிவி, எதைக் கேட்டாலும் ஒரு 'ம்'. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அந்த 'ம்' சொல்கிற ஆளும் போய்விட்டால் நான் சுவரோடுதான் பேச வேண்டும். இதைச் சொல்லி அழுதேன், கத்தினேன், ஒரு வேளை சாப்பிடாமலும் இருந்து பார்த்தேன். அவர் அசையவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நம் காரை வாசலில் நிறுத்திவிட்டு அதிலேயே திங்கள் முதல் வெள்ளி வரை இருந்து காட்டுங்கள் என்றேன். வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. தூக்கம் காரில், குளியல் தெருமுனை பெட்ரோல் பங்கில், சாப்பாடு கடையில். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு போன். லாரிக்காரர் வாழ்க்கை அதுதானே. அவருடைய முதுகுவலியைப் பற்றி எனக்குத் தெரியும், செவ்வாய்க்கிழமை காலையில் கதவைத் தட்டிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். அவர் போய் ஐந்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை காலையில் தலையணையும் போர்வையுமாகக் காரில் ஏறினார். போய் வருகிறேன் என்று கையை வேறு ஆட்டினார். பத்தே நிமிஷத்தில் மாடி வீட்டு அக்கா இறங்கி வந்து, என்னதான் இருந்தாலும் புருஷனை இப்படி வாசலில் தள்ளலாமா என்று என்னைக் கேட்டாள். நான் விளக்கிச் சொல்லச் சொல்ல அவள் முகத்தில் சந்தேகம் கூடிக்கொண்டே போனது.

மறுநாள் கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் அவசரத்தில் கேட் பக்கத்திலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். நான் அதைப் படிப்படியாக உருட்டிக்கொண்டிருக்க, இவர் நாலடி தள்ளி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் போன் அடித்தது.

"பாத்து உருட்டு, கால்ல விழுந்திடப் போகுது. நான் வந்து தூக்கிடுவேன், ஆனா இப்ப முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கேனே" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த சிலிண்டரைக் கார் மேலேயே போட்டிருப்பேன், தூக்க முடியாததால் விட்டேன்.

புதன்கிழமை நாத்தனார் வந்தாள். மாடி அக்கா மூலமாக விஷயம் கை கால் முளைத்து அங்கே போயிருந்தது. என்னிடம் ஒரு பேச்சுமில்லாமல் நேராகப் போய்க் காரின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, தம்பி நம் வீட்டுக்கு வந்துவிடு என்று அழுதிருக்கிறாள். வண்டியில் வெளியாட்களை ஏற்றக் கூடாது, கம்பெனி ரூல்ஸ் என்று சொல்லி அவளை இறக்கி விட்டிருக்கிறார் இவர். தம்பிக்கு மூளை கலங்கிவிட்டது, காரணம் நான்தான் என்று என் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆனால் அந்த ஏழு மணி போன்தான் என் கணக்கைக் கெடுத்தது. முதல் நாள் இரண்டு நிமிஷம். இரண்டாம் நாள், தபால்காரர் மரத்தடியில் உட்கார்ந்து எதிர்வீட்டுப் பத்திரிகையைப் படித்து முடித்துவிட்டுத்தான் டெலிவரி செய்கிறார் என்று அரைமணி நேரம் சொன்னார். பதினான்கு வருஷமாக இதே தெருவில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள், சின்ன வயதில் தான் நீச்சல் கற்றுக்கொண்ட கதை. நான் சிரித்த சிரிப்பு ஜன்னல் வழியாகக் காருக்கே கேட்டிருக்கும். நாலாம் நாள் ஆறரை மணிக்கே நான் போன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். வாசலில் நிற்கிற புருஷனோடு போனில் பேசத் தலை வாரிக்கொண்ட பைத்தியம் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வெள்ளிக்கிழமை இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் அவர் ஓயாமல் பேச்சு. மனுஷன் எப்படி இப்படி மாறினார் என்று எனக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமை ஆபீஸ் போனார். சாயங்காலம் வந்தார், சோபாவில் சாய்ந்தார். தண்ணீர் வேண்டுமா என்றேன். 'ம்'. இடுப்பு தேவலையா என்றேன். 'ம்'. மாடி அக்கா வீட்டில் பூனை குட்டி போட்டிருக்கிறது என்றேன். அதற்கும் 'ம்'.

செவ்வாய்க்கிழமை ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு அவர் ஆபீஸுக்குப் போனேன். கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஏன் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் கத்தினார், அடுத்தவர் கத்தினார், ஒரு பெண் இவருடைய குடும்பத்தையே இழுத்துத் திட்டினாள். இவர் தலை நிமிராமல், "எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்று எல்லோருக்கும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்தில் எழுபது தடவையாவது சொல்லியிருப்பார். வந்ததை அவரிடம் காட்டிக்கொள்ளாமல் திரும்பிவிட்டேன்.

மறுநாள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டிவியைப் பார்த்தபடியே அவராக வாயைத் திறந்தார்.

"வரலேன்னு சொல்லிடறேன். வாரத்துல அஞ்சு நாள் உன்னைத் தனியா விட்டுட்டுப் போறது நியாயமில்ல."

நான் டிவியை அணைத்தேன்.

"பதினாலு வருஷமா நான் தனியாத்தாங்க இருந்தேன். நீங்க சோபாவுல இருந்தீங்க, அவ்வளவுதான். கிளம்புங்க."

அவர் என்னையே பார்த்தார். கண் கலங்கியது. பிறகு ஆரம்பித்தார். சிலிண்டர் வந்தால் யார் தூக்குவது, உனக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது, என் அக்கா முகத்தில் நான் எப்படி முழிப்பது, பென்ஷன் போனால் வயதான காலத்தில் என்ன செய்வது. போகக் கூடாது என்பதற்கு ஒவ்வொரு காரணமாக அடுக்கி, கையை ஆட்டி, எழுந்து நின்று, நடந்து நடந்து ஒரு மணி நேரம் என்னோடு சண்டை போட்டார். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. ஆனாலும் நான் வாயே திறக்கவில்லை, குறுக்கே பேசினால் எங்கே நிறுத்திவிடுவாரோ என்று பயந்து.