சகலையின் சார்பியல்

கணுக்கால் எலும்பு விரிசல் விட்டு ஆறு வாரமாக வீட்டில் கிடந்த பேராசிரியருக்கு, வலியைவிடப் பெரிய தொந்தரவு சகலைதான். மனைவியின் தங்கையைக் கட்டியவர். அதே கல்லூரியில், அதே இயற்பியல் துறையில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பேராசிரியர் வராததால் சிறப்புச் சார்பியல் வகுப்பு சகலை கைக்குப் போயிருந்தது.

இருபத்திரண்டு வருடமாக அந்தப் பாடத்தை வேறு யாரும் தொட்டதில்லை. ஓடும் ரயில், உள்ளே ஒரு விளக்கு, மேலும் கீழும் கண்ணாடி, ஒளியின் வேகம் எல்லோருக்கும் ஒன்றே என்று பேராசிரியர் ஆரம்பிப்பார். மாணவர்கள் வைத்த பட்டப்பெயரே 'ரயில்'. அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

"உங்க சகலை ரயிலே இல்லாம நடத்துறாராம்" என்றாள் மனைவி, துணி மடித்தபடி. "பக்கத்து வகுப்புப் பிள்ளைங்ககூட வந்து பின்னாடி நின்னு கேக்குதாம். தங்கச்சி சொன்னா."

"நின்னு கேக்க அதுல என்ன இருக்கு?"

"எனக்கென்ன தெரியும், அவ சொன்னதைச் சொன்னேன்."

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மாணவனிடம் கேட்டு நோட்டுப் பக்கங்களைப் போனில் வாங்கினார். சகலை ஒளியை எடுத்துக்கொள்ளவே இல்லை. சீரான வேகத்தில் போகும் எல்லோருக்கும் இயற்கையின் விதிகள் ஒன்று, எந்தத் திசைக்கும் தனிச் சலுகை கிடையாது. இவ்வளவுதான் முதலீடு. மீதியைக் கணக்கே சொல்கிறது: ஒன்று, வேகத்துக்கு எல்லையே இல்லை, இல்லாவிட்டால் எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஓர் எல்லை. எது உண்மை என்பதைச் சோதனையில் அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று நாள் தப்புத் தேடினார். கிடைக்கவில்லை. இத்தனை வருடத்தில் தனக்கு இந்த வழியில் போகத் தோன்றவில்லையே என்பதுதான் உறுத்தியது.

நான்காம் நாள் பழைய ஆய்விதழ்களைத் துழாவியபோது அதே வழி அகப்பட்டது, நூறு வருடத்துக்கும் முந்தைய கட்டுரையில். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மருத்துவர் சொன்ன கெடுவுக்கு முன்பே கைத்தடியுடன் வாடகைக் கார் பிடித்து நேரே வகுப்புக்குப் போனார்.

"தம்பி, இது நூறு வருஷத்துச் சரக்கு. தெரியுமா?" என்றார் சகலையிடம், எல்லோர் காதிலும் விழும்படி.

"தெரியும்ணே."

முன்வரிசைப் பெண் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். யார் செய்தது, எந்த வருடம், எல்லாம் இருந்தது. "முதல் நாளே போர்டுல எழுதிப் போட்டாரு சார்."

பேராசிரியருக்கு வந்த படங்களில் அந்தப் பக்கம் இல்லை. 'கணக்கு மட்டும் அனுப்பு' என்று கேட்டதே அவர்தான்.

சகலை நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கண்ணே, கால் வலிக்கும்."

கேலியாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அந்த அக்கறைதான் சுருக்கென்று தைத்தது. மணி அடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்து கேட்டார். பாடம் நன்றாகவே இருந்தது.

அடுத்த பருவத்துக்குப் பாடத்தைப் பிரித்துக்கொள்ளலாமே என்றார் துறைத் தலைவர். "வேண்டாம், அவரே எடுக்கட்டும்" என்று பேராசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

"நல்லாத்தான் நடத்துறான்" என்று மனைவியிடம் ஒப்புக்கொண்டார். சொன்ன பிறகும் நெஞ்சு ஆறவில்லை.

நோட்டைப் பார்க்காமல் அதே கணக்கைத் தானாகப் போட்டுப் பார்க்க உட்கார்ந்தார். மூன்றாவது வரியில் முட்டிக்கொண்டது. இரண்டு நாள் வீம்பாக இருந்தார். அப்புறம் போனை எடுத்தார்.

"தம்பி, அந்த மூணாவது வரி எப்படி வருது?"

"அங்கதாண்ணே நானும் முதல்ல மாட்டினேன். ஒரு வாரம் ஆச்சு."

பேராசிரியர் விரலை மடக்கி எண்ணினார். தனக்கு இரண்டே நாள். அந்த மாதத்தில் முதல் முறையாக அவருக்குச் சிரிப்பு வந்தது.

"சொல்லு தம்பி, எழுதிக்கிறேன்" என்றார்.